கழுதையின் முன் பிரேக்

எங்கள் வீட்டில் ஒரு கழுதை இருக்கிறது. மேடு பள்ளத்தில் பந்தயம் ஓட்டுவதற்கென்றே செய்த பழைய மோட்டார் சைக்கிள். என்னைவிட இரண்டொரு வயதுதான் இளையது. விளக்கு கிடையாது, ஹாரன் கிடையாது, சாவிகூடக் கிடையாது. உதைத்தால் கிளம்பும். சில நாள் நாம் உதைப்பதற்குள் அது நம்மைத் திருப்பி உதைத்துவிடும். அதைப் பார்த்துவிட்டு என் கணவர் வைத்த பெயர்தான் கழுதை.

ஓட்டுவது நான், கழற்றி மாட்டுவது அவர். ஒரு நட்டைக் கழற்றிவிட்டு, அது எங்கே உருண்டு போனது என்று தரையில் தவழ்ந்து தேடும் பொறுமை எனக்குக் கிடையாது. அவருக்கு அது மூட்டை மூட்டையாக இருக்கிறது. தொழில் அப்படி. தராசு ரிப்பேர் செய்கிறார். வீட்டின் பின்னறைதான் பட்டறை. கடைக்காரர்கள் கொண்டுவரும் எடைக்கற்களை மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு, கூடுதலாக இருப்பதைச் சின்ன அரத்தால் ராவுவார். ஒரு ராவு, ஒரு நிறுவை. மறுபடி ஒரு ராவு, ஒரு நிறுவை. முள் நடுவில் வந்து நிற்கும்வரை சாப்பாடு ஆறினாலும் எழுந்திருக்க மாட்டார். உலகத்தில் எந்தக் கோளாறையும் இன்னும் கொஞ்சம் ராவினால் சரிசெய்துவிடலாம் என்பது அவர் நம்பிக்கை.

நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். ஏறியவர்களில் பாதிப் பேர் நின்றுகொண்டுதான் வருவார்கள். ஒருவர் மேல் ஒருவர் சாயாமல் பிரேக் போட்டுப் பழகிய கால் என்னுடையது. அதனால் பிரேக் விஷயத்தில் என்னிடம் யாரும் கதை அளக்க முடியாது.

அந்தக் கழுதைக்குத்தான் இந்த வருடம் முன் பிரேக் பிடிக்கவில்லை.

பிடிக்கவில்லை என்றால் அடியோடு இல்லை என்று அர்த்தமில்லை. கைப்பிடியை இழுத்தால் வண்டி யோசிக்கும். லீவு கேட்டால் எங்கள் டிப்போ மேலாளர் தலையைச் சொறிந்துகொண்டு 'பாக்கலாம்' என்பாரே, அந்த மாதிரி. விரல் வலிக்க இழுத்தபடி நான் போய்க்கொண்டே இருப்பேன்.

சாதாரணச் சாலையாக இருந்தால் இதற்கு இவ்வளவு அலட்டிக்கொள்ள மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். பழைய வண்டிகளுக்கு மட்டுமான பந்தயம், ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரியில் நடப்பது. அதில் கடைசி வளைவுக்கு முன்னால் ஓர் இறக்கம் உண்டு. மேலிருந்து நெட்டுக்குத்தாக இறங்கும். அடியில் இடது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாதவர்களை வரவேற்க லாரி டயர்களை அடுக்கி வைத்திருப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த இடத்தில்தான் விழுந்தேன். அப்போது பிரேக்குக்கு நேர்மாறான கோளாறு. தொட்டதும் கவ்விவிட்டது. முன்சக்கரம் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. தோளருகே காறை எலும்பு இரண்டாக முறிந்தது. வளைவில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடிவந்தார். அவருடைய வெறும் கால் விரல்கள் என் முகத்துக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது.

எலும்பு ஒட்டிக்கொண்டது. மறுபடி பேருந்து ஓட்டினேன். ஆனால் என்னவோ ஒட்டவில்லை. நிறுத்தம் தூரத்தில் வரும்போதே கால் பிரேக்குக்குப் போய்விடும். 'நடந்து போனாலே சீக்கிரம் போயிடலாம் போல' என்று பின்னாலிருந்து பயணிகள் முணுமுணுப்பது காதில் விழும். எனக்கு அழுகையாக வரும். அந்த இறக்கத்தில் ஒரே ஒரு முறை முழுசாக இறங்கி, திரும்பி, வண்டிமேல் உட்கார்ந்தபடியே வெளியே வந்துவிட்டால் போதும், இது தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. பரிசெல்லாம் எனக்கு வேண்டாம். அதற்குத்தான் இந்த வருடம் பெயர் கொடுத்தேன்.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பிரேக் சரியா இருந்தா ஓட்டு. இல்லேன்னா வேணாம்" என்றார். எனக்கென்ன பைத்தியமா, சரி என்றேன்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது வைத்தியம்.

டிரம் பிரேக் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. சக்கரத்தின் நடுவில் ஒரு கிண்ணம். அதற்குள் பிறை வடிவத்தில் இரண்டு ஷூ, அவற்றின் முதுகில் லைனிங் ஒட்டியிருக்கும். கைப்பிடியை இழுத்தால் கேபிள் ஒரு சின்ன நெம்புகோலைத் திருப்பும். அது இரண்டு ஷூவையும் அகட்டிக் கிண்ணத்தோடு உரச வைக்கும். அவ்வளவுதான். இதற்குள் எத்தனை விதமாகக் கெட்டுப்போக முடியும் என்பதைத்தான் நாங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டோம்.

முதலில் கேபிளைச் சந்தேகப்பட்டார். அதன் மேலுறை நைந்து, இழுக்கும்போதெல்லாம் சுருங்கிக் கொடுத்தது. என் விரலின் பலத்தில் பாதியை அதுவே தின்றுவிட்டது. மாற்றினோம். அடுத்தது நெம்புகோல். பிரேக் பிடிக்கும் நேரத்தில் அது கேபிளுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டுமாம். எங்களுடையது அதைத் தாண்டி மடங்கிக் கிடந்தது. ஒரு பல் தள்ளி மாட்டினார். பிறகு ஷூக்கள் கிண்ணத்தின் நடுவில் உட்கார வேண்டும் என்று சொல்லி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, என்னைக் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, அந்த நிலையிலேயே அச்சு நட்டை முறுக்கினார். கிண்ணத்தின் உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்தார். லைனிங்கைக்கூடப் புதிதாக ஒட்டி வாங்கினோம். நான் மாலை ஷிப்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் மாட்டித் துடைத்து வைத்திருப்பார்.

ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பிறகும் சோதனை. மூடிக்கிடக்கும் ஒரு கிடங்கின் பின்னால் மண் சரிவு இருக்கிறது. அடியில் பெரிய மணல் குவியல். நான் மேலிருந்து வருவேன். நட்டுவைத்த குச்சியைத் தாண்டியதும் முன் பிரேக்கை மட்டும் இழுப்பேன். வண்டி நின்ற இடத்தில் அவர் வெள்ளையடித்த செங்கல் ஒன்றை வைப்பார். கேபிள் மாற்றியபோது செங்கல் ஒரு எட்டு மேலே நகர்ந்தது. நெம்புகோலுக்கு இன்னொரு எட்டு. புது லைனிங் போட்டபோது மட்டும் பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது.

"புதுசு போட்டா மோசமாகுமா? உங்க தங்கச்சி குடுத்த சரக்கு சரியில்ல" என்றேன்.

லாரிகளுக்கும் வேன்களுக்கும் பிரேக் லைனிங் ஒட்டித் தருவது என் நாத்தனாரின் தொழில். எங்கள் கழுதைக்கும் அவள்தான் ஒட்டிக் கொடுத்தாள். அவர் தங்கையை விட்டுக்கொடுக்கவில்லை, என்னை எதிர்த்தும் பேசவில்லை. "சரக்கு நல்லாத்தான் இருக்கும்" என்று சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. அவர் ஒரு மொத்தக் கடையின் தராசைப் பார்க்கப் போயிருந்தார். நான் எப்படியோ முன்சக்கரத்தைக் கழற்றித் தூக்கிக்கொண்டு நாத்தனார் கடைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

கடை வாசலில் என் முகத்தைப் பார்த்ததுமே அவள் கேட்டாள். "அண்ணி, சண்டை போட வந்தீங்களா, டீ குடிக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான்."

டீயை வரவழைத்துவிட்டு, சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து மூடியைக் கழற்றினாள். ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, ஷூக்களை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒன்றை உடனே கீழே வைத்துவிட்டாள். மற்றதை வைக்கவில்லை.

"இந்த ஓரத்தை யாரு ராவினது?"

"எந்த ஓரம்?"

"இது. சக்கரம் சுத்துறப்ப முதல்ல போய்த் தொடுற ஓரம். இதைக் கொஞ்சம் மழுக்குறது வழக்கம்தான் அண்ணி, இல்லேன்னா சட்டுனு கவ்வும். ஆனா ஒரு நகத்தோட கனம் எடுத்தாப் போதும். இது என் கட்டைவிரல் நீளத்துக்கு எடுத்திருக்கு. இந்த ஷூதான் பாதிக்கு மேல வேலை செய்யணும். சக்கரம் சுத்துற சுத்துலயே இது தானா உள்ள இழுபட்டு இறுக்கும். இழுபட வேண்டிய முனையையே எடுத்துட்டா அப்புறம் எங்க இறுக்கும்?"

"தேஞ்சிருக்கும்."

"தேஞ்சா பளபளன்னு இருக்கும். இங்க பாருங்க, அரத்தோட கோடு அப்படியே இருக்கு. இந்த இடம் கிண்ணத்துல ஒரு தடவைகூடப் படல." ஷூவை இன்னும் சாய்த்துப் பார்த்தாள். "கோடு ஒரே சாய்வா, ஒரே பக்கமா போயிருக்கு. பிரேக் வேலை பாக்குறவங்க இப்படி ராவ மாட்டாங்க. எடைக்கல்லைத்தான் இப்படி..."

பாதியில் நிறுத்திவிட்டாள். நாங்கள் இருவரும் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். டீ வந்து ஆறிப்போனது.

"அண்ணி, அவசரப்பட்டு ஏதாவது பேசிடாதீங்க."

"நான் எப்ப அவசரப்பட்டிருக்கேன்?"

லைனிங் ஒட்டித் தயாராக இருந்த வேறொரு ஜோடியை எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். "இதை அண்ணன் கையிலயே குடுங்க" என்றாள்.

சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் திரும்பினேன். ஓட்டியவர் எங்கள் டிப்போக்காரர். "ஸ்டெப்னியோட ஏறுற முதல் பயணி நீங்கதான்" என்று கிண்டலடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரேக் சரியானால் ஓட்டு என்று சொன்னது யார்? பிரேக்கைச் சரியாக விடாமல் பார்த்துக்கொண்டது யார்? வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல முடியாமல், நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து அரத்தை எடுத்திருக்கிறார். செங்கல்லை எட்டெட்டாக நகர்த்தி வைத்தபோதெல்லாம் மனசுக்குள் என்ன நினைத்திருப்பார்? இப்படி யோசித்து யோசித்து, இறங்கும்போது எனக்குக் காது கொதித்தது.

அவர் பின்னறையில் வந்து உட்கார்ந்திருந்தார். எடைக்கற்களை ஒதுக்கிவிட்டு ஷூவை அவர் முன்னால் வைத்தேன்.

"இதை யாரு ராவினது?"

பார்த்தார். கையில் எடுக்கவில்லை. "நான்தான்."

"எதுக்கு?"

"பிடிக்கக் கூடாதுன்னு."

"பிரேக்கே பிடிக்கக் கூடாதா?"

"சட்டுனு பிடிக்கக் கூடாதுன்னு."

கோபம் வந்தால் என் வாயிலிருந்து முதலில் மரியாதைதான் ஓடிப்போகும். "நீ என்னைப் போகவிடாமப் பண்ணத்தானே இதைப் பண்ணே? நேராச் சொல்ல வேண்டியதுதானே? இத்தனை நாளா என்னை அந்தச் சரிவுல ஏத்தி இறக்கி வேடிக்கை பாத்தியா?"

"சத்தியமா இல்ல." குரல் உயரவில்லை. "நீ விழுந்தப்புறம் பழைய லைனிங்லயும் இப்படித்தான் ராவினேன். புதுசு ஒட்டி வந்ததும் ஓரத்தைக் கொஞ்சம் எடுக்கணும். எடுப்பேன். எடுத்து முடிச்சதும் நீ விழுந்தப்ப வந்த சத்தம் கேக்கும். சரி, இன்னும் கொஞ்சம்னு எடுப்பேன். மறுபடி கேக்கும். அப்படியே போயிடுச்சு."

"அப்புறம் எதுக்குக் கேபிளை மாத்தினே? நெம்புகோலை எதுக்குத் திருப்பினே?"

"பிடிக்கலைன்னு நீ சொன்னியே."

"நீ ராவினதாலதான்யா பிடிக்கல!"

என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் நடிப்பு ஏதும் இல்லை. "அது எனக்குத் தோணவே இல்ல" என்றார்.

நான் நம்பினேன். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஏமாற்றியிருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம். இந்த மனிதர் உண்மையாகவே தேடியிருக்கிறார். தன் கை பட்ட இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் தேடியிருக்கிறார். எடைக்கல்லில் ஒரு தூசி அதிகம் ராவினால் இரவெல்லாம் தூக்கம் வராதவர், இங்கே கட்டைவிரல் நீளம் ராவியதை அதிகம் என்று நினைக்கவே இல்லை. பயத்தை நிறுத்துப் பார்க்க அவரிடம் தராசு இருக்கவில்லை.

"எழுந்திரு. இதையே மறுபடி மாட்டு. இன்னிக்கு நீ ஓட்டு" என்றேன்.

ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்தான், வண்டி தெரியாதவர் இல்லை. ஆனால் கழுதைமேல் அவர் உட்கார்ந்ததே கிடையாது. சரிவின் மேலே வைத்து ஹெல்மெட்டை நானே மாட்டிவிட்டேன். பந்தய வேகம் வேண்டாம், குச்சியைத் தாண்டியதும் முன் பிரேக்கை மட்டும் இழுத்தால் போதும் என்றேன். மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற மாதிரி மிகவும் மெதுவாகத்தான் கிளம்பினார். குச்சியைத் தாண்டினார். அவர் கை இறுகுவது எனக்குத் தெரிந்தது. கழுதை யோசித்தது. செங்கல்லைத் தாண்டியது. தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மணல் குவியலில் பாதிச் சக்கரம் புதைந்துதான் நின்றது.

ஓடிப்போனேன். எஞ்சின் அணைந்திருந்தது. அவர் இன்னும் கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடி இருந்தார். விரல் கணுவெல்லாம் வெளுத்திருந்தது.

"விடுங்க, நின்னுடுச்சு" என்றேன். மரியாதை தானாகத் திரும்பி வந்திருந்தது.

விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"நீ ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் வந்தியா?"

"இதைவிட வேகமா வந்தேன்."

"சொல்லவே இல்லையே."

"பிடிக்கலை பிடிக்கலைன்னு தொண்டை கிழியச் சொன்னேன்."

"பிடிக்கலைன்னுதான் சொன்னே. பயமா இருக்குன்னு சொல்லல."

எனக்குச் சுருக்கென்றது. சொல்லவில்லைதான். வண்டியைத் திட்டினேன், கேபிளைத் திட்டினேன், அவர் தங்கையைத் திட்டினேன். அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரே பயத்தை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஒளித்துவைத்துக்கொண்டு நடுவில் அந்தச் செங்கல்லை நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறோம்.

"பயமாத்தான் இருக்கு" என்றேன். "பஸ் ஓட்டும்போதுகூட இருக்கு."

அவர் தலையை ஆட்டினார். இருவருமாகச் சேர்ந்து கழுதையை மணலிலிருந்து இழுத்தோம்.

மறுநாள் காலை புது ஜோடியை அவர் கையிலேயே கொடுத்தேன். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பாதி வேலைக்கு மேல் செய்யும் அந்த ஷூவைக் கிடுக்கியில் பிடித்து, ஓரத்தில் அரத்தை வைத்தார். ஒரு ராவு. இன்னொரு ராவு. நகத்தை வைத்துப் பார்த்தார். அந்தக் கனம் வந்துவிட்டது. அரம் மட்டும் ஓரத்தைவிட்டு எழவில்லை. அவர் காதில் என்ன கேட்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். எடுக்காதீங்க என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை. நான் சொல்லி அவர் நிறுத்தினால் நாளைக்கு அந்த இறக்கத்தில் எனக்கு அது உதவாது.

அரத்தை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினார். "போதும்" என்றார், எனக்கா தனக்கா தெரியவில்லை.

லைனிங் கிண்ணத்தோடு பழக வேண்டும் என்பதால் கிடங்கைச் சுற்றி மெதுவாக, பிரேக்கை லேசாக உரசவிட்டுக்கொண்டே ஓட்டினேன். பிறகு சரிவின் மேலே போனேன். செங்கல் கடைசியாக வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் அதற்குப் பக்கத்தில் நின்றார்.

இறங்கினேன். குச்சி வந்தது. இரண்டு விரலால் இழுத்தேன். கழுதை யோசிக்கவில்லை. முன்பக்கம் அமுங்கி, மண்ணைக் கவ்வி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், நான் கேட்ட அளவுக்கு மட்டும் நின்றது. பேருந்தை நான் நிறுத்துவதுபோல நின்றது. செங்கல் இன்னும் வெகுதூரத்தில் கிடந்தது. சந்தோஷத்தில் கத்தலாம்போல இருந்தது. எஞ்சினை அணைக்கக்கூட மறந்து அவரைப் பார்த்தேன்.

அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றிருந்தார். தோள்கள் காதுவரை ஏறியிருந்தன.

நான் இறங்கும்போது என் பார்வை எப்போதும் மண்மேல்தான் இருக்கும், அவர் பக்கம் போகாது. எஞ்சினை அணைத்தேன். அந்தச் சத்தம் நின்றதும் அவர் கண்ணைத் திறந்தார். செங்கல்லுக்குப் பக்கத்தில் என்னைத் தேடினார், மணல் குவியலைப் பார்த்தார், பிறகுதான் தலையை உயர்த்தி மேலே பார்த்தார்.

"அங்கயா நின்னே?"

"இத்தனை நாளும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் நின்னீங்களா?"

"எஞ்சின் நின்னதும் திறந்திடுவேன்" என்றார், குற்றம் பிடிபட்டவர் மாதிரி.

சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் நிறைந்துவிட்டது. நான் விழுந்த அன்றைக்கு அவர் கண் திறந்துதானே இருந்தது. அதன் பிறகு நான் இறங்கியதை அவர் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

"நாளைக்கு அந்த வளைவுல வந்து நிப்பீங்களா?"

"நிப்பேன்."

"கண்ணைத் திறந்துக்கிட்டா?"

தராசுமுள் நிற்பதற்காகக் காத்திருப்பவர்போலக் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை இறங்கு" என்றார். "இப்பவே பழகிக்கறேன்."

கழுதையை மேலே தள்ளிக்கொண்டு போனேன். அன்று அது ஒரே உதையில் கிளம்பியது. மேலே திருப்பி நிறுத்திக் கீழே பார்த்தேன். அவர் செங்கல்லை எடுத்து நெஞ்சோடு இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.